வாடிக்கையாளர் சேவை மௌன மடத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. (கம்பெனியின் பெயரை எழுதவில்லை. குருவின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள்.)

அருட்பெருந்தகை ஐயா,

நேற்று மாலை தங்கள் குறுஞ்செய்தி கிடைத்தது. "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி." அது என் போனில் வந்து விழுந்தபோது தங்கள் டெக்னீஷியன் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஹாலில் பராசக்தி படம் ஓடிக்கொண்டிருந்தது. குணசேகரன் நீதிமன்றக் கூண்டில் நின்று, கையை வீசி, கண்ணை உருட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். தங்களிடம் வாங்கிய சவுண்ட் சிஸ்டத்திலிருந்து சத்தம் மட்டும் இல்லை.

வசனத்துக்கென்றே பேர்போன காட்சி அது. 1952-லிருந்து மூன்று தலைமுறைத் தமிழர்கள் மேடை போட்டுப் பேசிப் பார்த்த காட்சி. அதை ஊமைப்படமாக்கிக் காட்டிய பெருமை தங்களையே சாரும். தமிழ்ப் படம் 1931-ல் காளிதாஸ் மூலம் பேசக் கற்றுக்கொண்டு விட்டதே என்று தாங்கள் எவ்வளவு வருத்தப்பட்டிருக்கிறீர்கள் என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது.

குறுஞ்செய்தியில் ஒரு சுட்டி இருந்தது. தொட்டேன், வேலைச் சீட்டு திறந்தது. குறைபாடு: இல்லை. மாற்றிய பாகம்: இல்லை. குறிப்பு: வாடிக்கையாளருக்குக் கற்பிக்கப்பட்டது.

கற்பிக்கப்பட்டது! ஐயா, அடியேன் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒத்ததிர்வு, விம்மல், டாப்ளர் விளைவு என்று தொண்டை வறளக் கத்தியவன். இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிப் பிள்ளைகளின் காதருகே கொண்டுபோய்க் காட்டியவன். அப்பேர்ப்பட்டவனுக்கு, பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி சொருகிக் காட்டிக் கற்பித்துவிட்டுப் போயிருக்கிறார் தங்கள் பிள்ளை. வந்து உட்காருமுன்பே, "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. சொன்னாத்தான் ஜாப் ஓபன் ஆகும்" என்றார். அது ஜாப்பை மூடுகிற சாவி என்பது சீட்டைப் பார்த்த பிறகு தெரிந்தது.

ராத்திரி மொட்டை மாடியில் உலாத்தும்போதுதான் தங்கள் கருணை எனக்குப் பிடிபட்டது. எந்தச் சிவன் கோயிலிலும் தெற்குச் சுவரில் பார்க்கலாம்: கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி, எதிரே சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்று நான்கு சீடர்கள். குரு வாயே திறப்பதில்லை. சீடர்களின் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. எங்கள் ஹாலை எட்டிப் பார்த்தேன். டிவிக்குக் கீழே நடுநாயகமாக சென்டர் ஸ்பீக்கர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக நால்வர். மூலையில் கறுப்பாக, கனமாகப் படுத்திருக்கும் சப் ஊஃபர், சாட்சாத் நந்தி. அட்டைப் பெட்டியில் 5.1 என்று அச்சடித்திருந்ததன் உட்பொருள் அப்போதுதான் துலங்கியது. தாயுமானவருக்கு மௌனகுரு வாய்த்த திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தும், ஒரு மௌனகுரு தவணை முறையில் வீடு தேடி வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அறிகுறி முதல் நாளே தெரிந்தது. ரிமோட்டில் ஸ்பீக்கர் டெஸ்ட்டை அழுத்தியதும் இடது முன் ஸ்பீக்கர் "ஷ்ஷ்ஷ்ஷ்" என்றது. அடுத்து சென்டர் "ஷ்ஷ்ஷ்ஷ்". பிறகு வலது. பிறகு முதுகுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக "ஷ்ஷ்ஷ்ஷ்". பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை இரைச்சல் அது. ஸ்பீக்கர்கள் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி. சனகாதி முனிவர்கள் வரிசையாக உதட்டில் விரல் வைத்துக் குடும்பத்தையே அடக்கினார்கள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர்களிடமிருந்து பேச்சு இல்லை.

இணைப்புக் கொடுப்பதாகிய தவத்தைத் தாங்கள் எவ்வளவு நுட்பமாக வகுத்திருக்கிறீர்கள்! பார்வைக்கு ஒரே ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள்தான். டிவியின் முதுகில் மூன்று துளை இருந்தால் டிவியின் ஒலியைச் சிஸ்டத்துக்கு அனுப்பும் ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். சுவரோடு அப்பி மாட்டிய டிவியின் பின்னால், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அந்த மூன்று எழுத்தைத் தேடியவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் அது இடவலம் மாறித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

சொருகியாயிற்று. அடுத்து டிவி மெனுவில் சிஇசி என்ற வசதியை இயக்க வேண்டும் என்றது கையேடு. சிஇசி என்றே மெனுவில் எழுதியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சாம்சங் டிவியில் அதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர். எல்ஜியில் சிம்ப்லிங்க். சோனியில் பிராவியா சிங்க். பானசோனிக்கில் வியரா லிங்க். பிலிப்ஸில் ஈசிலிங்க். பரம்பொருள் ஒன்றுதான், நாமம் ஆயிரம். குரு எந்த நாமத்துக்குத் திரும்பிப் பார்ப்பார் என்பது கையேட்டில் இல்லை. அது பன்னிரண்டு மொழிகளில் "ஈரக் கையால் தொடாதீர்" என்று சொல்வதில் மும்முரமாக இருந்தது.

நாமத்தையும் கண்டுபிடித்தாயிற்று. இனி டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட். பிசிஎம் வேண்டுமா, ஆட்டோவா, பாஸ் த்ரூவா? பிசிஎம் வைத்தால் எங்கள் டிவியிலிருந்து இரண்டு சேனல்தான் கிளம்புகிறது. பின்னால் இருக்கும் சீடர்கள் இருவருக்கும் வேலை இல்லை. ஆட்டோ வைத்தால் நால்வரும் குருவும் சேர்ந்து சமாதியில் ஆழ்ந்துவிடுகிறார்கள். பாஸ் த்ரூ வைத்த அன்று அபூர்வமாக நந்தி மட்டும் முழங்கியது. வசனம் ஒரு எழுத்துக் கேட்கவில்லை. அடிவயிற்றில் மட்டும் தம் தம்மென்று ஒரு அதிர்வு. சற்று நேரத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க, மாவு மில் ஏதும் போட்டிருக்கீங்களா?"

இதில் பெரிய விசேஷம், சில ராத்திரி எல்லாமே சரியாக வேலை செய்யும். ஐந்தும் பேசும், நந்தியும் அளவோடு உறுமும், வீடே கைதட்டும். காலையில் ஆன் செய்தால் திரையில் "நோ சிக்னல்". டிவியும் சிஸ்டமும் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஒன்றையொன்று புதிதாக விசாரித்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமாம், ஹேண்ட்ஷேக் என்கிறார்கள். அது கெட்டுப்போனால் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கி, முதலில் டிவி, பிறகு சிஸ்டம் என்று வரிசையாக உயிர் கொடுக்க வேண்டும். தங்கள் டெக்னீஷியன் எனக்குக் கற்பித்த வித்தை இதுதான். அவர் வருமுன்பே எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவுக்குக்கூட அது அத்துப்படி. ஹால் கூட்டும்போது, "சார், இன்னிக்குப் பிடுங்கி வெக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

வயர்லெஸ் பின் ஸ்பீக்கர் என்று தாங்கள் அருளியதையும் மறக்க மாட்டேன். சிக்னலுக்குத்தான் வயர் இல்லை. கரண்டுக்கு ஆளுக்கொரு வயர், ஆளுக்கொரு பிளக். எங்கள் ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் கிடையாது; வீடு கட்டிய கொத்தனாருக்கு முனிவர்கள் வந்து அமரப்போவது தெரியாது. அதனால் இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, மிதியடிக்கு அடியில் வயரை ஓட்டி, வயர்லெஸ் ஆனோம்.

பெட்டியின் முகப்பில் 600 வாட். பின்பக்கத் தகட்டில் மின்நுகர்வு 60 வாட். அறுபதை வாங்கி அறுநூறாகத் திருப்பித் தரும் இந்தச் சித்தியை மின்வாரியத்துக்கும் கொஞ்சம் உபதேசித்தால் நாட்டுக்கு நல்லது. பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட் போடுவார்கள். கண் இமைக்கும் நேர உச்சத்தைக் கணக்கில் காட்டும் ஏற்பாடு. பெயர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சரி, அது கிடக்கட்டும். மௌனத்துக்கு எத்தனை வாட் ஆனால் என்ன?

தங்கள் ஆள் போன பிறகு டிவி கம்பெனிக்குப் போன் போட்டேன். "சவுண்ட் சிஸ்டத்துலதான் சார் பிரச்சினை" என்றார்கள். மறுபடி தங்களுக்குப் போட்டேன். "டிவியிலதான் சார் பிரச்சினை" என்றார்கள். இரண்டு பேரும் ஒரே குரலில், ஒரே மரியாதையோடு. அத்வைதம் என்பது இதுதான் போலிருக்கிறது. தாங்கள் சொன்ன பரிகாரம் மட்டும் தனித்து நின்றது: "உங்க டிவியில இஏஆர்சி இல்லை சார். புது டிவி எடுத்துருங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது."

இந்த இடத்தில் அடியேன் கொஞ்சம் நேராகப் பேசிவிடுகிறேன். ஏஆர்சியின் அடுத்த பதிப்பான இஏஆர்சி எதற்கு? தலைக்கு மேலேயிருந்தும் கேட்கிற அட்மாஸ் ஒலியை ப்ளூ ரே தட்டிலிருந்து தரம் குறையாமல் விநாடிக்கு 37 மெகாபிட் வரை அனுப்புவதற்கு. ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் சுருக்கி வருவது. அது பழைய ஏஆர்சியிலேயே போகும். சாதாரண 5.1-உம் போகும். எங்கள் வீட்டில் யார் ப்ளூ ரே பார்க்கிறார்கள்? என் அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. காது மந்தம். அவர் பார்ப்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். அவை மோனோ, ஐயா! ஒரே ஒரு சேனல்! ஒரு குழாயில் வருகிற தண்ணீரைப் பிடிக்கக் காவிரியை வெட்டிக்கொண்டு வா என்கிறார் தங்கள் ஆள். "சென்டர் ஸ்பீக்கர்ல வசனம் தனியா வரும் சார், பெரியவங்களுக்கு ரொம்ப நல்லாருக்கும்" என்று தங்கள் ஷோரூமில் சொன்னதால்தான் பென்ஷன் பணத்தில் வாங்கினேன். அங்கே இலை ஒன்று மரத்திலிருந்து கழன்று விழும் சத்தத்தைப் போட்டுக் காட்டினீர்கள். அம்மாவுக்கு அதுவே கேட்டது. முகம் மலர்ந்துபோய், "விழுந்துச்சுடா" என்றார்.

நேற்று அந்த நீதிமன்றக் காட்சியில் அம்மா என்ன செய்தார் தெரியுமா? திரையில் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வசனம் முழுவதையும் தானே சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. கூண்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் கேள்விகளையும் குரல் மாற்றிச் சொன்னார். தங்கள் டெக்னீஷியன் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டுதான் "பொருளில் குறை இல்லை" என்று போனில் தட்டினார். மனுஷன் செய்கிற காரியமா இது?

மன்னிக்க வேண்டும். குரு சந்நிதியில் குரலை உயர்த்திவிட்டேன். உயர்த்துகிற வசதி இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

எதிலும் வரலாறு பார்ப்பது ஆசிரியர்களின் கெட்ட வழக்கம். ஹெச்டிஎம்ஐ 2002-ல் ஏழு கம்பெனிகள் கூடி வகுத்தது. ஏஆர்சி 2009-ல் 1.4 பதிப்போடு வந்தது. இஏஆர்சி 2017-ல் 2.1-ஓடு. எல்லாரும் கூடிப் போட்ட விதிக்கு எல்லாரும் கட்டுப்பட்டிருந்தால் அடியேனுக்கு இன்று குருவே கிடைத்திருக்க மாட்டார். அதற்கு முன்னால், 1983-ல், தோஷிபா கொண்டுவந்த ஆப்டிக்கல் கேபிள் ஒன்று இருந்தது. முனையிலுள்ள பிளாஸ்டிக் குல்லாவைக் கழற்றினால் சிவப்பு வெளிச்சம் தெரியும். சிக்னல் கிளம்புகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஹேண்ட்ஷேக் கிடையாது, நாமாவளி கிடையாது. 5.1 டால்பி டிஜிட்டல் அதில் தாராளமாகப் போகும். எங்கள் டிவியில் அந்தத் துளை இன்னும் இருக்கிறது. தங்கள் சிஸ்டத்தில் தேடினேன். "இந்த மாடல்ல அதை எடுத்துட்டோம் சார், அது பழசு." வேலை செய்கிற ஒன்றைப் பழசு என்று சொல்லி எடுத்துவிட்ட துறவு மனப்பான்மையை என்னவென்று புகழ்வது!

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஆடியில் ஒரு மைக் செட்காரர் வருவார். வயர் முனையைப் பல்லால் கடித்து உரிப்பார். பிளக் இல்லையென்றால் செம்புக் கம்பியை அப்படியே சாக்கெட்டில் விட்டு இரண்டு தீக்குச்சியைச் சொருகுவார். உயிருக்கு ஆபத்து என்று நானே பலமுறை கண்டித்திருக்கிறேன். "சாமி பார்த்துக்கும் வாத்தியாரே" என்பார். ஒரு ஆம்ப்ளிஃபையர், மரக்கிளையில் கட்டிய நான்கு குழாய். "அலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று இரண்டு தட்டு. அடுத்த நிமிஷம் எல்.ஆர்.ஈஸ்வரி நாலு தெருவுக்குக் கேட்பார். அவர் யாரிடமும் ஓடிபி கேட்டதில்லை. யாருக்கும் எதையும் கற்பித்ததாகச் சீட்டு எழுதியதும் இல்லை.

தாங்கள் எனக்கு இசையே தரவில்லை என்றும் சொல்ல மாட்டேன். தங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தால் தமிழுக்கு இரண்டு, புகாருக்கு மூன்று, பழைய புகாருக்கு ஒன்று என்று அழுத்தியபின் ஒரு புல்லாங்குழல் தொடங்குகிறது. ஆகா, என்ன தெளிவு! தொலைபேசிக்கென்று காலகாலமாக ஒதுக்கிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய சந்துக்குள்ளேயே அவ்வளவு துல்லியம். போனை ஸ்பீக்கரில் போட்டு ஹாலில் வைத்துவிட்டு முழுக் குடும்பமும் கேட்டோம். தங்கள் நிறுவனத்தின் தயாரிப்புகளில் எங்கள் வீட்டில் தவறாமல் ஒலித்தது அது ஒன்றுதான்.

இன்று காலை தங்கள் இயந்திரக் குரலும் அழைத்தது. எங்கள் சேவையை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லவும் என்றது. சொன்னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது கேட்கவில்லை" என்றது. மறுபடி சொன்னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது கேட்கவில்லை." அம்மா உள்ளேயிருந்து, "யாருடா அது, என்னை மாதிரியே?" என்றார்.

விண்ணப்பம் சிறியது. அந்த வேலைச் சீட்டைத் திருத்த வேண்டும். தட்சிணாமூர்த்தியின் காலடியில் நசுங்கிக் கிடப்பவன் பெயர் முயலகன், அறியாமையின் உருவம். மடத்தின் சிற்பத்தில் அந்த இடத்தை வாடிக்கையாளருக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் காசு கொடுத்தவன் நான். சீட்டில் "சத்தம் வரவில்லை" என்ற இரண்டு வார்த்தையை எழுதுங்கள். பொய் எழுதாதீர்கள், அவ்வளவுதான். பிறகு, ஆப்டிக்கல் துளையுள்ள பழைய மாடல் கிடங்கில் எங்காவது தூசி படிந்து கிடந்தால் இதற்கு மாற்றாகத் தாருங்கள். அட்மாஸ் வராவிட்டால் பரவாயில்லை; எங்கள் கூரை ஏற்கெனவே ஒழுகுகிறது, மேலேயிருந்து மழைச் சத்தம் இயற்கையாகவே கிடைக்கும். இரண்டும் முடியாதென்றால், வியாழக்கிழமைதோறும் சென்டர் ஸ்பீக்கருக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தலாமா, அதனால் வாரண்டி போய்விடுமா என்பதையாவது எழுத்தில் தெரிவிக்கவும்.

திருவடி பணிந்து,
கற்பிக்கப்பட்ட வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பி.கு.: வரும் செவ்வாய் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் கரண்ட் இருக்காது. அன்று மட்டும் தயவுசெய்து ஆளை அனுப்ப வேண்டாம். டிவி, சிஸ்டம் இரண்டுமே பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இரண்டும் சரியாக இணைந்துள்ளன" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.